காலமான உரிமதாரரின் கியர் விருப்பம்

கணவர் இறந்த ஐந்தாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், அவர் பெயருக்கே ஒரு கடிதம் வந்தது. வாடகை ஊர்தி ஒழுங்காணையம் அனுப்பியிருந்தது.

'ஐயா, தங்கள் மறைவுச் செய்தி அறிந்து ஆணையம் ஆழ்ந்த வருத்தம் அடைகிறது. தாங்கள் கியர் விருப்பப் படிவத்தை இதுவரை சமர்ப்பிக்காததையும் ஆணையம் அதே வருத்தத்துடன் கவனித்துள்ளது. தங்கள் டாக்சியை மேனுவல் கியரில் ஓட்ட விரும்புகிறீர்களா, ஆட்டோமேட்டிக் கியரில் ஓட்ட விரும்புகிறீர்களா என்பதை இம்மாத இறுதிக்குள் நேரில் வந்து தெரிவிக்கத் தவறினால் தங்கள் உரிமம் ரத்தாகும். தங்கள் ஆன்மா சாந்தியடையட்டும்.'

அண்ணி அதை இரண்டு முறை வாசித்தாள். டாக்சி நிறுத்தத்தில் அவள் கணவரை எல்லோரும் அண்ணன் என்று கூப்பிட்டதால் அவளை எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள், அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள் உட்பட. பதினெட்டு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவள் அவள். துக்கமானாலும் சரி, கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, கையில் காகிதம் வந்தால் முதலில் எழுத்துப்பிழை தேடுவாள். இந்தக் கடிதத்தில் ஒன்றுகூட அகப்படவில்லை. அதுதான் அவளுக்குக் கலக்கமாக இருந்தது. பிழையே இல்லாமல் இப்படி எழுதுகிறவர்களிடம் எங்கே போய்ப் பேசுவது?

ஆனால் சிரித்துவிட்டு மடித்து வைக்கக்கூடிய விஷயம் இல்லை அது. ஆணையம் புதிதாக டாக்சி உரிமம் கொடுப்பதை நிறுத்தி ஒன்பது வருஷம் ஆயிற்று. பழைய உரிமம் நடப்பில் இருக்கும்வரை, உரிமதாரரின் மனைவியோ கணவனோ அதே உரிமத்தில் டாக்சி ஓட்டிப் பிழைக்கலாம் என்று ஒரு விதி மட்டும் இருந்தது. கார் ஓட்டும் லைசென்ஸ் அண்ணியிடம் இருந்தது. அச்சகம்தான் இல்லை, அதை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. உரிமம் போனால், ரயில் நிலையத்துக்கு எதிரே வரிசையில் நாலாவதாக, வெயில் படாத அந்த ஒரு டாக்சி இடமும் போகும். அந்த இடத்துக்காகக் கணவர் பதினோரு வருஷம் காத்திருந்தார். அவள் அவருக்காகக் காத்திருந்ததே ஒன்றரை வருஷம்தான்.

கணவரின் வண்டி பழைய கியர் வண்டி. மூன்று மிதிகள். முதல் மூன்று நாள் அவள் ஓட்டும் இருக்கையை நகர்த்தவே இல்லை. அவர் உயரத்துக்கு அது பின்னால் தள்ளியிருந்தது. கால்விரல் நுனியால் எட்டி எட்டி மிதித்தே ஓட்டிப் பழகினாள். நாலாம் நாள் கொழுந்தன் பார்த்துவிட்டான். அவன் கார்ப் பட்டறை வைத்திருப்பவன். வண்டி போகிற விதத்திலேயே உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டுபிடிப்பான்.

"அண்ணி, இப்படி ஓட்டினா கிளட்ச்சும் போகும், இடுப்பும் போகும்" என்று சொல்லிவிட்டு, ஏதோ ஸ்பேனரைத் தேடுகிறவன்போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் அடியிலிருந்த பிடியைத் தூக்கி, இருக்கையை முன்னால் இழுத்தாள். டக், டக் என்று இரண்டு சத்தம். அவ்வளவுதான்.

அதன் பிறகு கால் எட்டியது. ஆனால் கால் தாங்கவில்லை. ரயில் நிலையத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் காலை ஒன்பது மணி நெரிசலில் போய்ச் சேர இருநூற்றுப் பதினாறு முறை கிளட்ச் மிதிக்க வேண்டியிருந்தது. எண்ணியவள் அவள்தான். எழுத்தெண்ணிப் பழகியவளுக்கு எண்ணாமல் இருக்க முடியாது. இறங்கி நின்றபோது இடது கால் தன்னுடையதுதானா, யாரிடமாவது இரவல் வாங்கியதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

நிறுத்தத்தில் இதைச் சொன்னதுதான் தாமதம், பஞ்சாயத்து கூடிவிட்டது.

"கண்ணை மூடிக்கிட்டு ஆட்டோமேட்டிக் எடுங்க அண்ணி" என்றார் சோடாபுட்டி. மூன்றாவது இடத்துக்காரர்; கண்ணாடியின் கனத்தால் வந்த பெயர். நிறுத்தத்தில் முதல்முதலாக ஆட்டோமேட்டிக் வண்டி வாங்கியவர்.

"கண்ணை மூடிக்கிட்டுத்தானே நீங்க ஓட்டுறீங்க" என்றான் கொழுந்தன். "அண்ணி, அது வண்டியே இல்ல. படுக்கப் போட்ட லிஃப்ட்டு. பட்டனைத் தட்டினா போகுது."

"போகுதில்ல? டாக்சிக்கு அதுக்கு மேல என்ன வேணும், பாட்டுப் பாடணுமா?"

"மேட்டுல நிறுத்தி, பின்னால உருளாம எடுக்கறது ஒரு வித்தைய்யா. எங்க அண்ணன் எடுப்பார், டம்ளர்ல தண்ணி வெச்சா சிந்தாது."

"எனக்குந்தான் சிந்தாது. நான் ஒண்ணுமே செய்ய மாட்டேன், அதனால சிந்தாது."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒண்ணுமே செய்யாதவருக்குப் பேரு டிரைவரா?"

"தம்பி, உன் இடது கால் தூக்கத்துலயும் கிளட்ச் மிதிக்குதுன்னு உன் பொண்டாட்டி கட்டிலை நகர்த்திப் போட்டாளாமே, அதைச் சொல்லு மொதல்ல."

வரிசையில் நின்ற ஏழு டாக்சிக்காரர்களும் சிரித்தார்கள். கொழுந்தனுக்குக் காது சிவந்தது. "அண்ணன் இருந்தா உங்க வண்டி பக்கத்துல நின்னு டீகூடக் குடிக்க மாட்டார்" என்றான்.

அது உண்மை. கணவர் இருபது வருஷமாக ஆட்டோமேட்டிக்கைத் திட்டியவர். கிளட்ச் இல்லாத வண்டியில் ஏறுவது குதிரை இல்லாத வண்டியில் ஏறுவது மாதிரி என்பார். எல்லா வண்டியும் அப்படித்தானே என்று அவள் கேட்டால், பேச்சை மாற்றாதே என்பார்.

"அவர் சொன்னது அவர் காலுக்கு" என்றாள் அண்ணி. "என் கால் வேற சொல்லுது. நான் ஆட்டோமேட்டிக்தான் கேக்கப் போறேன்."

சோடாபுட்டி வெற்றி பெற்ற கட்சித் தலைவர்போல நாலு பக்கமும் பார்த்தார். கொழுந்தன் எதையோ சொல்ல வாயெடுத்து, விழுங்கிக்கொண்டான்.

ஆணையத்தின் அலுவலகத்தில் கியர் விருப்பத்துக்கென்று தனிக் கவுண்டர் இருந்தது. உள்ளே இருந்தவர் ஒரு சின்ன மின்விசிறியைத் தன் பக்கம் மட்டும் திருப்பி வைத்திருந்தார்.

"உரிமதாரர் நேர்ல வரணும்மா."

"அவர் இறந்துட்டார் சார்."

"அது தெரியும். அதான் வருத்தம் தெரிவிச்சு அனுப்பியிருக்கோமே. இப்ப அவர் ஏன் வரலேன்னு காரணம் வேணும்." படிவத்தின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நேரில் வராததற்குக் காரணம்: வெளியூர், உடல்நலக்குறைவு, மறதி, இதர. ஒவ்வொன்றுக்கும் எதிரில் ஒரு கட்டம்.

அண்ணி 'இதர'வில் குறி போட்டாள்.

கவுண்டர்காரர் பல்லிடுக்கில் காற்றை இழுத்தார். "அவசரப்பட்டுட்டீங்களே. இதரன்னா கண்காணிப்பாளர்கிட்டப் போகணும். வெளியூர்னு போட்டிருந்தா இங்கேயே முடிச்சுக் கொடுத்திருப்பேன்."

"எந்த ஊர்னு கேட்டா?"

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"எப்ப திரும்பி வருவார்னு கேட்டா?"

அவர் படிவத்தை மேலிருந்து கீழே தேடினார். "அதுக்கும் இல்ல" என்றார், தன் இலாகாவின் பெருந்தன்மையை நினைத்துத் தானே உருகியவர்போல.

கண்காணிப்பாளரின் அறைச் சுவரில், கியர் போடும் வரிசையைக் காட்டும் பெரிய படம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் இருந்தன. ரிவர்ஸ் மட்டும் இல்லை. அண்ணிக்கு விடுபட்ட எழுத்தைக் கண்டால் சும்மா இருக்க முடியாது.

"சார், அதுல ரிவர்ஸ் விட்டுப்போச்சு."

"விட்டுப்போகல. எடுத்துட்டோம். பின்னால போறதை ஆணையம் ஊக்குவிக்கறதில்ல" என்றார் கண்காணிப்பாளர். அவளை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர், யாராவது கேட்பதற்குக் கிடைத்தால் பேச்சை நிறுத்தமாட்டார், அவ்வளவுதான்.

"அம்மா, இந்தப் படிவத்தை நாங்க விளையாட்டாக் கொண்டுவரல. நாலு வருஷம், பதினேழு கூட்டம். மொதல் ஆறு கூட்டம், கியர்னா என்னன்னு வரையறுக்கவே போயிடுச்சு. ஏன்னா குழுவில இருந்த ஒன்பது பேருக்கும் கார் இருக்கு, ஒருத்தருக்கும் ஓட்டத் தெரியாது. அதனால யாருக்கும் எந்தச் சார்பும் கிடையாது பாருங்க. அதான் எங்க பலம்."

"உங்க டிரைவருங்களைக் கேட்டிருக்கலாமே சார்?"

"கேக்கலாம்தான். அவங்களை உள்ள கூப்பிட்டுட்டா வெளிய வண்டியை யார் பார்த்துக்கறது?"

அதற்குள் அவர் அடுத்த கூட்டத்தின் கதைக்குப் போய்விட்டார்.

"மேனுவல்ல ஒரு சௌகரியம் இருக்கு. ஏதாவது தப்பு நடந்தா டிரைவர் மேல போட்டுடலாம். ஆட்டோமேட்டிக்ல யார் மேல போடறது? வண்டி மேல போட்டா வண்டி வந்து விளக்கம் கொடுக்குமா? அதுக்காகத்தான் விருப்பத்தை எழுதி வாங்கறோம். விரும்பினது நீங்கன்னா தப்பும் உங்களுது. எங்களுக்கு ரெண்டு கியரும் ஒண்ணுதான்."

"செத்தவருக்கு என்ன சார் விருப்பம் இருக்கும்?"

"இல்லேன்னு எழுதிக் கொடுத்திருக்காரா?"

"இல்ல."

"அப்ப இருக்குன்னுதானே அர்த்தம்." அவர் ஒரு கனத்த விதிப் புத்தகத்தை எடுத்தார். அது இன்னும் முழுதாகப் பிரிக்கப்படாமல், பக்கங்களின் விளிம்புகள் ஒட்டியபடியே இருந்தது. அண்ணி தன் பையிலிருந்து மடித்த உறை ஒன்றை எடுத்து, பழக்கமான கையால் சரக் சரக்கென்று பக்கங்களைப் பிரித்துக் கொடுத்தாள். அறுபத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது அது: உரிமதாரர் தம் விருப்பத்தைச் சொல்ல இயலாத நிலையில் இருந்தால், அவரை நன்கறிந்த சாட்சி ஒருவரை விசாரித்து, அவர் எதை விரும்பியிருப்பார் என்று ஆணையர் ஊகிக்கலாம். தேவைப்பட்டால் வண்டியில் ஏறிப் பார்த்தும் ஊகிக்கலாம்.

"அட, இப்படி ஒண்ணு இருக்கா!" என்றார் அந்த விதியை எழுதிய குழுவின் செயலாளராக இருந்த கண்காணிப்பாளர்.

விசாரணைக்கு இருபத்தெட்டாம் தேதி கிடைத்தது. மாதம் முடிய இரண்டே நாள்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலியாகக் கிடந்த ஒரு மைதானத்தில், சோடாபுட்டி தன் வண்டியில் அவளை இரண்டு சுற்று ஓட்ட வைத்தார். "இதுல ரெண்டே மிதி. எல்லாம் வலது கால் பார்த்துக்கும். இடது காலைப் பின்னால மடக்கி வெச்சுக்குங்க. அப்படி ஒரு கால் உங்களுக்கு இல்லவே இல்லேன்னு நெனச்சுக்குங்க அண்ணி." அவளும் அப்படியே நினைத்துக்கொண்டாள். இல்லாததை இருப்பதாக நினைப்பதைவிட, இருப்பதை இல்லை என்று நினைப்பது அவளுக்கு அந்த வாரங்களில் சுலபமாகத்தான் இருந்தது.

ஆணையர் சிறிய உருவம், பெரிய குரல். சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருந்தார். சாட்சி கொழுந்தன். குறிப்பெடுக்கக் கவுண்டர்காரரே வந்து உட்கார்ந்திருந்தார், மின்விசிறியோடு.

"காலமான உரிமதாரர் உங்களுக்கு என்ன உறவு?"

"கூடப் பொறந்த அண்ணன் சார்."

"கியரைப் பற்றி அவருடைய கொள்கை என்ன?"

"மேனுவல்தான் சார். ஊருக்கே தெரியும்."

அண்ணி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். கவுண்டர்காரர் 'மேனுவல்' என்று எழுதத் தொடங்கி, 'மே' வரை வந்துவிட்டார்.

"ஆனா..." என்றான் கொழுந்தன். தலை குனிந்திருந்தது. "போன மழைக்கு முட்டி வீங்கிப்போய் எங்க பட்டறையில வந்து உட்கார்ந்தார் சார். ஒரு மணிநேரம் முட்டியைத் தடவிக்கிட்டே இருந்தார். அப்புறம், 'இந்தக் கிளட்ச் என் காலைத் தின்னுட்டுத்தான்டா அடங்கும், ஒரு ஆட்டோமேட்டிக் பார்த்து வை'ன்னார்."

"அப்படியா!"

"'சோடாபுட்டிகிட்ட மட்டும் சொல்லிடாதே, மானம் போயிடும்'னார் சார். அதான் நான் இவ்வளவு நாளா யார்கிட்டயும்... அண்ணிகிட்டகூட..." அவன் மூக்கை உறிஞ்சினான். "நானே ஒரு வண்டி பார்த்து வெச்சேன். அது வந்து நின்ன வாரம் அவர் போயிட்டார். இன்னும் பட்டறையில பின்னாலதான் நிக்குது, துணி போட்டு மூடி."

அண்ணி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்து மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர், சோடாபுட்டிக்குப் பயந்து அவளிடம்கூடச் சொல்லாமல் ஒரு காரை ஒளித்து வைத்திருக்கிறார். இருந்திருந்தால் அன்று வீட்டில் ஒரு சண்டை நடந்திருக்கும். நல்ல, நீளமான சண்டை. அது தனக்குக் கிடைக்காமல் போயிற்றே என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

"ரகசிய விருப்பம்!" என்றார் ஆணையர் உற்சாகமாக. "பதிவு செய்யுங்கள். ஆனால் ரகசியமாக விரும்புவது வேறு, ஆணையத்துக்குத் தெரிய விரும்புவது வேறு. வண்டியில் ஏறிப் பார்ப்போம்."

ஆணையத்தின் சோதனை வண்டி வாசலில் நின்றது. அது ஆட்டோமேட்டிக் வண்டி. ஆனால் ஓட்டுநர் தேர்வில் கியர் மாற்றுவதற்கு நாற்பது மதிப்பெண் என்று விதி இருந்ததால், இரண்டாவதாக ஒரு கியர் கம்பியையும் தரையில் வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். அது எதோடும் சேர்ந்திருக்கவில்லை. தேர்வுக்கு வருகிறவர்கள் அதைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ள, பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி மதிப்பெண் போடுவார். இதுவரை நானூறு பேர் தேறியிருக்கிறார்கள். பதினெட்டுப் பேர் தவறான கியர் போட்டதற்காகத் தோற்றிருக்கிறார்கள்.

"கிளட்ச் மிதி?" என்று கேட்டான் கொழுந்தன், அந்தக் கம்பியை ஆட்டிப் பார்த்துவிட்டு. அவன் முகம் செத்துப்போயிருந்தது.

"அதுக்கு இன்னும் ஒப்புதல் வரல" என்றார் கண்காணிப்பாளர். "வந்ததும் பொருத்திடுவோம்."

அண்ணி ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்தாள். இடது காலைப் பின்னால் மடக்கிக்கொண்டாள். பக்கத்தில் ஆணையர், மடியில் கோப்பு. பின்னால் கண்காணிப்பாளரும் கவுண்டர்காரரும் கொழுந்தனும் நெருக்கியடித்துக்கொண்டு. வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பியது. அதுவரை சரி. ஆனால் ஆணையர் பேசிக்கொண்டே வந்தார். கியர் என்பது ஒரு தேசத்தின் ஒழுக்கத்தைக் காட்டுவது என்றார். தம் வீட்டு வண்டி எந்த வகை என்று கொழுந்தன் கேட்டதற்கு, நீல வகை என்றார். அண்ணி அதைக் கேட்டுக்கொண்டே சிக்னலை நெருங்கினாள். சிவப்பு விழுந்தது. அவளுக்குத் தெரியாமலே இடது கால் முன்னால் வந்தது. இருநூற்றுப் பதினாறு முறை பழகிய கால், கிளட்ச்சைத் தேடியது. கிளட்ச் இருக்க வேண்டிய பக்கம் வரை அகலமாக நீண்டிருந்த பிரேக் மிதி அகப்பட்டது. கிளட்ச்சை மிதிப்பதுபோல அடிவரை ஒரே அழுத்தாக அழுத்தியது.

வண்டி சுவரில் மோதியதுபோல நின்றது. கோப்பு பறந்து கண்ணாடியில் அப்பிக்கொண்டது. ஆணையரின் மூன்று பேனாக்களும் மூன்று திசையில் போயின. கண்காணிப்பாளரின் தலை ஆணையரின் தோளருகே வந்து எட்டிப் பார்த்தது. மின்விசிறி எங்கிருந்தோ கிர்ரென்று சுற்றியது.

பின்னாலிருந்த வண்டிகள் ஹார்ன் அடித்தன.

"யார் மிதித்தது?" என்றார் ஆணையர்.

"என் இடது கால் சார். கிளட்ச்னு நெனச்சுட்டுது."

"ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலை கிடையாது என்று விதியில் தெளிவாக இருக்கிறதே?"

"காலுக்குப் படிக்கத் தெரியாது சார்."

ஆணையர் இதைச் சிந்தித்தார். கண்ணாடியிலிருந்து ஒரு தாளைப் பிய்த்து எடுத்தபடியே கேட்டார்: "அப்படியானால் இந்த வண்டியில் கியரை மாற்றுவது யார்?"

"வண்டியேதான் சார் மாத்திக்குது."

"நீங்கள்?"

"ஒண்ணும் செய்றதில்ல."

"உரிமதாரர் ஓட்டினாலும் இதே நிலைதானா?"

"யார் ஓட்டினாலும் இதே நிலைதான் சார்" என்றான் பின்னாலிருந்து கொழுந்தன், வெறுப்போடு. "அதான் நான் தலைபாடா அடிச்சுக்கறேன்."

ஆணையர் மெதுவாகத் திரும்பிக் கண்காணிப்பாளரைப் பார்த்தார். கண்காணிப்பாளர் தலையைத் தடவியபடி அவரைப் பார்த்தார். பதினேழு கூட்டங்களில் பிடிபடாத ஏதோ ஒன்று அந்தச் சிக்னலில் அவர்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் பிடிபட்டது.

அன்று மாலையே உத்தரவு வந்துவிட்டது. ஆணையர் எழுந்து நின்று தானே வாசித்தார்.

"ஒருவர் உயிரோடு இருப்பது கியர் மாற்றுவதற்கு எந்த அளவு தேவை என்பதை ஆணையம் இதுவரை ஆராய்ந்ததில்லை. இன்று ஆராய்ந்தது. மேனுவல் வண்டியில் உரிமதாரரின் ஒரு கையும் ஒரு காலும் இடைவிடாமல் தேவைப்படுவதால், அவர் உயிரோடு இருத்தல் கட்டாயமாகிறது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கியரைப் பொறுத்தவரை உரிமதாரர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்று நேரடி ஆய்வில் தெரியவந்துள்ளது. எதுவும் செய்யாமல் இருப்பதற்குக் காலமானவர் தகுதியற்றவர் என்று சொல்ல இடமில்லை. ஆகவே, காலமான உரிமதாரரின் விருப்பம் ஏற்கப்பட்டு, அவருடைய உரிமம் அவர் பெயரிலேயே ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படுகிறது. அவர் மனைவி உதவியாளராகப் பதிவு செய்யப்படுகிறார்." கோப்பை மூடிவிட்டுத் தம் சொந்தக் குரலில் தொடர்ந்தார்: "ஆணையம் மனிதாபிமானம் இல்லாதது என்று இனி யாரும் சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவர்களுக்குக்கூட நாங்கள் இவ்வளவு செய்ததில்லை."

"சார், ஓட்டப் போறது நான்தானே?" என்றாள் அண்ணி.

"தாராளமாக ஓட்டுங்கள். அதற்குத்தானே உதவியாளர்."

அவள் அந்தத் தாளை வாங்கி, கையெழுத்துப் போடும் முன் முழுதாக வாசித்தாள். எழுத்துப்பிழை ஒன்றுமில்லை. மற்றபடி அதில் சரியாக இருந்தது எதுவுமில்லை. ஆனால் 'ஐந்தாண்டுகள்' என்பது மட்டும் பளிச்சென்று இருந்தது. நாலாவது இடமும் அதற்குள் இருந்தது. கையெழுத்துப் போட்டாள்.

மாடிப்படி இறங்கும்போது அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. கொழுந்தன் பதறிப்போய் இரண்டு படி மேலே ஓடி வந்தான்.

"அண்ணி, அழாதீங்க அண்ணி. மேல்முறையீடு பண்ணலாம்."

"ஐயோ, வேண்டாம் தம்பி" என்றாள் அவள், மூச்சு வாங்க. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்ட முட்டச் சிரித்தாள். "'எதுவும் செய்யாமல் இருப்பதற்குத் தகுதியற்றவர் என்று சொல்ல இடமில்லை'யாம். இருபத்து மூணு வருஷமா வீட்டுல நான் சொன்னதை இன்னிக்குத்தான் எழுத்துல கொடுத்திருக்காங்க."

கொழுந்தனுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. அப்புறம் அவனும் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டான்.

பட்டறையில் துணியை விலக்கிய வண்டி சாம்பல் நிறத்தில், ஓரளவு புதிதாக இருந்தது. கொழுந்தன் ஒரு நாள் முழுக்க அதன் அடியில் படுத்து, இது ஒரு வண்டியா, இது ஒரு வண்டியா என்று முனகியபடியே எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுத்தான். உரிம அட்டையை முன் கண்ணாடிக்குக் கீழே, பயணிகளின் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி. வைத்தாள். அதில் எப்போதோ எடுத்த கணவரின் படம், முறைத்துக்கொண்டிருந்தது. கீழே 'உதவியாளர்: மனைவி'.

முதல் நாள் நாலாவது இடத்தில் போய் நின்றபோது சோடாபுட்டி வந்து, மூக்குக் கண்ணாடி முன் கண்ணாடியில் இடிக்கக் குனிந்து, அட்டையைப் படித்தார். கொழுந்தனிடமிருந்து விஷயம் கசிந்திருக்க வேண்டும். அட்டையிலிருந்த படத்துக்கு ஒரு சலாம் மட்டும் வைத்துவிட்டு, கமுக்கமாகச் சிரித்தபடி போய்விட்டார்.

பத்து மணி ரயிலில் வந்து இறங்கிய ஒரு பயணி ஏறினார். கையில் ஒரு பெட்டி, மடக்கிய குடை. எதையும் படித்துவிட்டே நம்புகிற முகம். ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். வண்டி வரிசையிலிருந்து வெளியே வந்து சாலையில் கலந்தது. அவர் அட்டையைப் படித்தார். அவளைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் படித்தார்.

"ஏம்மா, இதுல போட்டிருக்கிற டிரைவர் இவர்தானா?"

"ஆமாங்க."

"நீங்க?"

"நான் உதவியாளர்."

"உதவியாளர்னா என்ன உதவி செய்வீங்க?"

"ஸ்டீயரிங் பிடிக்கறது, பிரேக் போடறது, ஆக்ஸிலரேட்டர் மிதிக்கறது, ஹார்ன் அடிக்கறது, வழி பார்த்துக்கறது. இவ்வளவுதாங்க. மிச்சத்தை அவர் பார்த்துக்கறார்."

பயணி சற்று யோசித்தார். "இதுக்கு அப்புறம் மிச்சம் என்னம்மா இருக்கு?"

பாலத்தின் ஏற்றம் முடிந்து சாலை நேராகியிருந்தது. அண்ணி இரண்டு கையையும் ஸ்டீயரிங்கில் வைத்திருந்தாள். இடது கால் பின்னால் மடங்கி இருந்தது. என்ஜினின் சத்தம் ஒரு நொடி உயர்ந்து, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக மாற்றிவிட்டதுபோல ஒரு படி இறங்கி, சீராக ஓடியது.

"கியர்" என்றாள் அண்ணி. "அதை அவர் போடறார்."

பயணி அந்தக் கியர் கம்பியைப் பார்த்தார். அதை யாரும் தொடவில்லை. அட்டையிலிருந்தவர் அவரை முறைத்துக்கொண்டிருந்தார். பயணி குடையைக் கீழே வைத்துவிட்டு, சத்தமில்லாமல் சீட் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டார்.